சுவருக்கு வைத்த சோறு

அந்தப் பொந்தில் மட்டும் தூசி இல்லை.

தவநாயகிக்கு அது கண்ணில் பட ஐந்து மாதம் ஆயிற்று. பாரிஸின் லா சப்பலில், இரண்டு பெரிய ரயில் நிலையங்களுக்குப் போகும் தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பழைய தேவாலயத்துக்குள், கரித்தூள் கலந்த மாவு போன்ற ஒரு தூசி ஒவ்வோர் இரவும் கதவிடுக்குகளால் இறங்கி, வாங்கு இருக்கைகளின் முதுகிலும் சிலைகளின் பாதங்களிலும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரைச்சீலை மடிப்பிலும் படிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் மறுநாள் விடியும்போது அதே இடத்தில் அதே அளவு இருக்கும். வடக்குச் சுவரில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு சாண் அகலத்தில் கல்லுக்குள் சரிந்துபோகும் அந்தச் சதுரப் பொந்தை அவள் ஒருநாளும் துடைத்ததில்லை. குனிந்தால் முழங்கால் குத்தும். துடைக்கச் சொல்லி யாரும் சொன்னதுமில்லை. ஆனாலும் அதன் விளிம்பு, பலர் கைபட்டுத் தேய்ந்த வாசற்படிபோல, மினுமினுவென்றிருந்தது.

அங்கேதான் அவள் தினமும் சோறு வைத்துவந்தாள்.

காலை ஆறு மணிக்குத் திறந்து, கூட்டித் துடைத்து, எட்டரைக்கு லூயி-பிளாங் தெருவில் ஏரம்பமூர்த்தியின் சாப்பாட்டுக் கடைக்கு மரக்கறி வெட்டப் போகவேண்டும். இடையில் பின்வரிசை வாங்கில் இருந்து, கடையில் முதல்நாள் மிஞ்சிய சோற்றையும் பருப்பையும் சாப்பிடுவாள். வன்னியில், யுத்தத்தின் கடைசி மாதத்தில், கணவனை ஷெல்லடிக்குப் பறிகொடுத்த பிறகு, காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் அவள் தன் வாயில் எதையும் வைத்ததில்லை. அவன் செத்த திகதி தெரியாது. திவசம் செய்யத் திகதி வேண்டும். திகதி இல்லாதவனுக்கு எல்லா நாளும் வைத்துவிடலாம் என்று தனக்குள் தீர்த்துக்கொண்டாள். தேவாலய முற்றத்தில் வைத்தபோது புறாக்கள் அசிங்கம் பண்ணுவதாகக் கோயில் பொறுப்பாளர் மார்செல் முகத்தைச் சுளித்தார். அன்றைக்குத்தான் பொந்தைக் கண்டாள். எலியோ எறும்போ தின்னட்டும், வைப்பதுதானே கடமை.

ஆனால் எலி புழுக்கை விடும். எறும்பு வரிசை விடும். இங்கே பருப்பின் எண்ணெய்க் கறைகூட இல்லை. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். கல் ஈரமாக இருந்தது. நாக்கால் நக்கித் துடைத்த தட்டின் ஈரம்.

ஏழேகாலுக்கு மெழுகுதிரி ஏற்ற வந்த மார்செலிடம் அது என்ன பொந்து என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் அவர். அந்தத் தேவாலயத்தைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதி வாசல் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அதையும் அவளே தினமும் தூசி தட்டினாள்.

"ஆறு வருடமாக ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, மதாம் தவா," என்றார், கையிலிருந்த நெருப்புக்குச்சி விரலைச் சுடும்வரை மறந்துபோய்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன், பாரிஸ் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம். சிப்பாய்களோடு கடல் கடந்து வந்த ஒரு பெண், புருஷனும் பிள்ளைகளும் செத்தபின் இந்தக் கோயிலுக்கு வந்து, தன்னைச் சுவருக்குள் அடைக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுடைய ஊரில், பங்குக் கோயிலின் வடக்குச் சுவரோடு ஒட்டி அப்படி ஓர் அறை இருந்ததாம். அதில் அடைபட்ட பெண்கள் சாகும்வரை செபித்தபடி இருப்பார்களாம். உள்ளே போகும்போது சவப்பாட்டுப் பாடுவார்கள். பிறகு வாசலைக் கல்வைத்துக் கட்டிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு பொந்து மட்டும்.

"ஆனால் சும்மா அடைக்கமாட்டார்கள். சாகும்வரை சோறு போடுகிறேன் என்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கையெழுத்து எல்லாம் இல்லை. முதல் உணவை யார் தன் கையால் பொந்துக்குள் வைக்கிறாரோ, அவரே பொறுப்பு. அதை யார் எடுத்து உண்கிறாரோ, அவரே உள்ளே இருப்பவர்."

"அவ எப்ப செத்தா?"

மார்செல் சிரித்தார். "அதுதான் வேடிக்கை. பங்குக் குறிப்பில், வாசலை மூன்று தடவை அடைத்ததாக எழுதியிருக்கிறது, மூன்றும் வேறு வேறு காலத்தில். திறந்ததாக ஒரு தடவைகூட எழுதவில்லை."

அந்த அறை இப்போது இல்லை என்றும், எப்போதோ இடித்துவிட்டார்கள் என்றும், சுவருக்கு அப்பால் குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்துதான் என்றும் சொன்னார். அவள் வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தாள். மழையில் நனைந்த முழுச்சுவர். அந்தப் பக்கத்தில் பொந்தே இல்லை.

மறுநாளிலிருந்து சோறு வைப்பதை நிறுத்தினாள்.

முதல்நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள், வடக்குப் பக்கம் துடைக்கும்போது, மெழுகு மணத்துக்கும் ஈரக்கல்லின் மணத்துக்கும் அடியில் இன்னொன்று வந்தது. நனைந்த கம்பளியின் நாற்றம் என்று முதலில் நினைத்தாள். பிறகு அடையாளம் கண்டாள். பதுங்குகுழிக்குள், பக்கத்தில் கிடப்பவர் வாயைத் திறந்தால் வரும் வாடை. பல நாளாக ஒன்றும் விழாத வயிற்றிலிருந்து ஏறிவரும், கொஞ்சம் இனிப்பான, அழுகிய பழம் போன்ற வாடை. மூன்றாம் நாள் பின்வரிசை வாங்கில் இருந்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் தொண்டையில் சோறு இறங்கும் ஒலி ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று நின்று யோசித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். எச்சிலை மட்டும் விழுங்கிப் பார்த்தாள்.

சுவரும் விழுங்கியது.

சோற்றுப் பெட்டியிலிருந்த முழுவதையும் பொந்தில் கவிழ்த்துவிட்டு ஓடினாள்.

அதன்பின் ஒரு பிடி போதவில்லை. வேலையை விட்டுவிடலாம். ஆனால் அவளுடைய வதிவிட அட்டை மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கத் தொடர்ச்சியான சம்பளச் சிட்டைகள் வேண்டும். ஏரம்பமூர்த்தியோ சிட்டை இல்லாமல் கைக்குத்தான் கொடுப்பவர். அட்டை போனால் புறநகர் சார்செலில் எட்டாவது மாடியில் அவள் பெயரில் இருக்கும் அந்த ஒற்றை அறை போகும். அறை போனால் வதனிக்கும் போக இடமில்லை.

வதனி அவளுடைய தங்கை, எட்டு வயது இளையவள். பெலாருஸ் காட்டு வழியாக ஏழு மாதம் நடந்தும் ஒளிந்தும் போன வருடம் வந்து சேர்ந்தவள். அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்தது. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவளால் ஒரு பருக்கை வீணாவதைப் பார்க்க முடியாது. கல்யாண வீடுகளில் பக்கத்துத் தட்டில் மிஞ்சியதைக்கூட வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிடுவாள்.

சனவரி நடுவில் தவநாயகியின் முழங்கால் வீங்கி, காய்ச்சலும் வந்தது. ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது நாளும் போகாவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகத் துப்புரவு நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது.

"நான் போறன்," என்றாள் வதனி. "கதவடிப் பெட்டியிலை உங்கடை வேலைக் கார்டைத் தொட்டால் சரிதானே? மெழுகுதிரி ஏத்த வாற கிழவன் வரமுன்னம் வெளிக்கிட்டிடுவன். உங்கடை மூஞ்சியும் என்ரை மூஞ்சியும் வெள்ளைக்காரனுக்கு ஒண்டுதான்."

"விசர்க்கதை கதையாதை. பிடிபட்டால்?"

"நான்தான் தவநாயகி எண்டுவன். எட்டு வயசு கூட்டிச் சொல்லவேணும், அதுதான் கவலை."

தவநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் சொன்னாள், "வடக்குச் சுவரிலை ஒரு பொந்து இருக்கு. இந்தப் பெட்டியிலை இருக்கிறதை அதுக்குள்ளை வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வா."

"ஆருக்கு?"

"காகத்துக்கு."

"சுவருக்குள்ளையோ காகம்? பிரான்சிலை காகத்துக்கும் வீடு குடுத்திட்டாங்கள். எனக்கு மட்டும் இல்லை."

சொல்லியிருக்கலாம். சொன்னால் வதனி போகமாட்டாள். போகாவிட்டால் வேலை போகும். தவநாயகி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு நாள் வதனி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் காலை ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, ஒண்டு சொன்னால் ஏசமாட்டியளே?"

"என்ன?"

"மூண்டு நாளும் அந்தச் சோத்தை நான்தான் திண்டனான். கோவியாதையுங்கோ. நீங்கள் சொன்னமாதிரிப் பொந்துக்குள்ளை வைச்சனான்தான். வைச்சுப்போட்டுப் பாத்தால் மனம் கேக்கேல்லை. காட்டுக்குள்ளை மரத்துப் பாசி திண்ட எனக்குக் கல்லுக்குச் சோறு வைக்கச் சொன்னால் எப்பிடி? பிறகு கையை விட்டு எடுத்துத் திண்டிட்டன். செத்தவை கோவிக்காயினம்."

தவநாயகி எழுந்து உட்கார்ந்தாள்.

"வதனி, நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"அதைத்தான் கேக்க வந்தனான். இஞ்சை ஒரு சின்ன அறை இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையே. வடக்குப் பக்கம், கதவு ஆவெண்டு கிடந்தது. கீழை வைக்கோல் போட்டிருக்கு. சூடாய், நல்லாயிருக்கு. நேற்று இது இருக்கேல்லை, என்ன?"

"வெளியாலை வா."

"பூசை துவங்கீட்டுது போலை. கனபேர் பாடினம். கேக்குதே?"

கேட்டது. ஆண்குரல்கள். ஏறாமலும் இறங்காமலும் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு நகரும் பாட்டு. அதற்கிடையில் கல்லின்மேல் கல் உரசும் ஒலி. இரும்பு சாந்தை வழிக்கும் ஒலி.

"வதனி, ஓடி வா. உடனை வா!"

"ஓம், வாறன். ஒருக்கால் பொறுங்கோ, கதவிலை ஆரோ—"

அழைப்பு வெட்டுப்பட்டது.

ரயிலில் அவள் நின்றபடியே போனாள். வீங்கிய காலின் வலி தெரியவில்லை. கார் து நோர்ட் நிலையத்திலிருந்து தேவாலயம்வரை எப்படிப் போனாள் என்பதும் பின்னால் நினைவில் இல்லை. கதவு திறந்திருந்தது. நடுவழியில் வாளி. வாளிக்குள் துடைப்பம், தண்ணீர் ஆறிப்போய். மார்செல் மெழுகுதிரி ஏற்றி முடித்திருந்தார். யாரையும் காணவில்லை என்றார்.

வடக்குச் சுவர். அறை இல்லை. கதவு இல்லை. பொந்து மட்டும்.

முழங்காலில் விழுந்து வதனியின் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை அடித்தது. எடுபட்டது.

"அக்கா." தொலைபேசிக்குள் ஒருமுறை. கொஞ்சம் தாமதித்து, கல்லுக்குள் ஒருமுறை. "வெளிச்சம் ஒரு சதுரமாய்த் தெரியுது. அதிலை உங்கடை முகம்."

"கையை நீட்டு. வதனி, கையை நீட்டு!"

நீண்டது. ஐந்து விரல். குளிர்ந்த, ஈரமான, தங்கையின் விரல்கள். தவநாயகி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டு வரை வந்தது. அதற்குமேல் கல் விடவில்லை.

"நோகுது அக்கா. விடுங்கோ. இஞ்சை மூலையிலை ஒராள் கிடக்கிறா. வயசான ஆள். எலும்புதான். மூச்சு இல்லை. ஆனால் வாய் மட்டும் அசையுது, அக்கா. மெல்லுறமாதிரி அசையுது."

மார்செல் பின்னால் வந்து நின்றபோது கை இல்லை. முழங்கை வரை பொந்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத்தான் அவர் கண்டார்.

பொலிசுக்குப் போனாள். உண்மையை முழுதாகவே சொன்னாள், தன் வேலை அட்டையில் தங்கை வேலை செய்ததையும். இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டான். கதவடிப் பெட்டியின் பதிவை நிறுவனத்திடமிருந்து எடுத்துப் பார்த்தான். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு உள்ளே போனவர்: தவநாயகி. "நீங்கள் என் முன்னால்தானே இருக்கிறீர்கள், மதாம்," என்றான். தேவாலயத்துக்குள் வேறு யாரும் போகவில்லை. போகாத ஒருவர் எப்படிக் காணாமல் போக முடியும்? கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள் சொல்லாமல் வேறு நாட்டுக்குப் போவது வழக்கம்தான் என்றான். வதனியின் தொலைபேசி அதற்குள் உயிர்விட்டிருந்தது.

"லண்டனுக்குப் போட்டாள், வேறை என்ன," என்றார் ஏரம்பமூர்த்தி, வெங்காய மூட்டையை அவிழ்த்தபடி. "என்ரை மருமோன் கள்ளனும் இப்பிடித்தான். செத்துப்போனான் எண்டு நாங்கள் அழுதுகொண்டிருக்க, மூண்டு மாசத்தாலை வெம்பிளியிலையிருந்து போன் எடுத்துக் கொத்துரொட்டி நல்லாயிருக்கெண்டு சொல்லுறான். அழாதை தங்கச்சி. போனவள் எடுப்பாள்."

லா சப்பல் முழுவதும் அப்படித்தான் சொன்னது. லண்டன். எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு நல்ல பெயராக இருந்தது.

தவநாயகி சோறு வைத்தாள். ஒவ்வொரு காலையும், இரண்டு பெட்டி. விடுமுறை நாளிலும். முதல் வாரம் வதனி பேசினாள். குளிருது என்றாள், மீன் கொண்டுவாங்கோ என்றாள், ஒருநாள் தொண்டை கட்டிய சிரிப்போடு, "இஞ்சை வாடகை இல்லை," என்றாள். இரண்டாம் வாரம் சோறு என்ற சொல் மட்டும். பிறகு அந்தச் சொல்லும் இல்லை. கை வரும், எடுக்கும், போகும். தொட்டால் பதிலுக்குத் தொடுவதில்லை. உள்ளே, சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில், ஏறாமலும் இறங்காமலும் ஒரு முனகல். அந்தப் பாட்டு, வதனியின் தொண்டையில்.

மார்ச்சில் தியரி வந்தார். பெரிய மனிதர், நல்ல மனிதர், கல்தச்சர். வடக்குச் சுவர் ஈரம் குடிக்கிறதாம். இடுக்குகளை எல்லாம் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைக்க வேண்டும். பொந்தையும்.

"உள்ளுக்குள்ளே என் தங்கை," என்றாள் தவநாயகி பிரெஞ்சில். அவளுக்குத் தெரிந்த மிகச் சுத்தமான வாக்கியம் அது.

மார்செல் அவள் தோளில் கைவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தவள் என்று தியரியிடம் மெல்லச் சொன்னது அவளுக்குக் கேட்டது. தியரி கோபிக்கவில்லை. ஓர் இரும்புக் கம்பியை எடுத்துப் பொந்துக்குள் விட்டார். முழங்கை ஆழத்தில் 'டங்' என்றது. இன்னும் ஒருமுறை. டங்.

"கல், மதாம். பாருங்கள். கல் மட்டும்தான்."

"கடைசியாய் ஒருக்கால் சோறு வைக்க விடுங்கோ." எந்த மொழியில் கேட்டாள் என்று தெரியவில்லை. விலகி நின்றார்கள். இரண்டு பெட்டியையும் கவிழ்த்தாள். கை வரவில்லை. இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வரவில்லை. சோறு வெள்ளையாய், ஆவி பறக்க, அப்படியே கிடந்தது. அதன்மேலேயே தியரி முதற் கல்லை வைத்து அழுத்தினார்.

சுற்றிலும் நான்கு கல். நடுவில் கை அகல இடைவெளி. சாந்தகப்பையில் சாந்தை அள்ளி அதில் வைத்து வழித்தார். சாம்பல் வெள்ளை. ஈரம். மினுக்கம். குனிந்து ஊதிப் பார்த்துவிட்டு, துணியில் கைதுடைத்தார்.

அமைதி.

சாந்தின் நடு, ஒரு சிறு குழியாய் உள்வாங்கியது.

தவநாயகி பாய்ந்தாள். மார்செல் பிடித்துக்கொண்டார். மெலிந்த கிழவர், ஆனாலும் அவளால் திமிற முடியவில்லை. குழி பெரிதாகிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ விரலால் வழித்தெடுப்பதுபோல, ஓரம் ஓரமாக, மிச்சம் விடாமல். பிறகு ஒலி. மணல் பல்லில் நெரியும் ஒலி. நிதானமாக. நெரிந்தது. நெரிந்தது. விழுங்கியது.

"திண்ணாதை வதனி! அது சோறில்லை! திண்ணாதை!"

மார்செல் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, குழந்தையைத் தேற்றுவதுபோல ஏதோ முணுமுணுத்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தியரி குனிந்து குழியைப் பார்த்தார். "பழைய சுவர்," என்றார், "தாகம் அதிகம்." அகப்பை நிறைய இன்னொரு தடவை அள்ளி, உள்ளே தள்ளினார்.

உள்ளிருந்து வழித்தது.

இன்னொன்று.

நெரிந்தது. விழுங்கியது.

நான்காவது அகப்பையை நீட்டும்போது, அவருடைய பருத்த மணிக்கட்டுக்குக் கீழே, ஈரச் சாந்தின் நடுவில், அவளுக்கு அது தெரிந்தது. சுண்ணாம்பு படிந்த உதடுகள். வெந்து வெடித்த உதடுகள். சோறு ஊட்டும் கைக்குப் பிள்ளை திறப்பதுபோல, அவை அகப்பைக்காகத் திறந்தன.